பரணிற் கிடக்கும் பித்தளை அடுப்பு

பழைய வீடுகளின் பரணைத் துழாவிப் பார்ப்போர்க்கு மூன்று பொருட்கள் பெரும்பாலும் அகப்படும். ஒன்று, கண்ணாடி உடைந்துபோன அரிக்கன் லாம்பு. மற்றொன்று, கல்யாண வீட்டிலும் கோயிற் றிருவிழாவிலும் ஒருகாலத்தில் வெளிச்சம் பரப்பிய பெற்றோமக்ஸ் விளக்கு. மூன்றாவது, மூன்று கால்களையுடையதாய், உருண்ட வயிற்றையுடையதாய், பச்சைக் களிம்பேறி மங்கிக் கிடக்கும் பித்தளை அடுப்பு. காற்றடித்து எரிக்கும் மண்ணெண்ணெய் அடுப்பென்று அதனை முதியோர் அடையாளங் கண்டுகொள்வர். இளையோரோ அதன் பெயரையும் அறியார். பழைய இரும்பும் பித்தளையும் வாங்குவோர் படலையில் வந்து குரல் கொடுக்கும் நாளில், அது நிறை பார்க்கப்பட்டு, சில ரூபாய்களுக்கு விலைப்பட்டுப் போய்விடுகின்றது.

அவ்வாறு விற்பது அறிவுடைமையாகுமா என்னும் வினாவை அண்மைக் காலம் எழுப்பியிருக்கின்றது. 2022ஆம் ஆண்டிலே நாடு பொருளாதார நெருக்கடியில் அகப்பட்டபோது, சமையல் எரிவாயுக் கொள்கலனுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையிற் காத்து நின்றனர். 12.5 கிலோகிராம் கொள்கலன் ஒன்றின் விலை அவ்வாண்டு ஏப்பிரல் மாதத்தில் 4,860 ரூபாவாயிற்று. மார்ச்சு மாத இறுதியில் மின்வெட்டு ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. மின்னடுப்பும் எரிவாயு அடுப்பும் ஒருங்கே ஓய்ந்துபோன அந்நாட்களில், நகரத்து மாடிவீடுகளில் வாழ்ந்தோர் பட்ட பாடு பெரிது. விறகு மூட்ட முற்றமில்லை. புகை போக வழியில்லை. அப்பொழுது பலர் நினைவுக்கு வந்தது தாயாரோ பாட்டியாரோ பாவித்த பழைய அடுப்பே.

வடபகுதி மக்களுக்கு இது புதிய பாடமன்று. 1990ஆம் ஆண்டிற் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெயும் பெற்றோலும் பெறுதற்கரிய பொருட்களாயின. அக்காலத்தில் ஜாம் போத்தலிலே சிறு திரியிட்டுப் பிள்ளைகள் படித்தனர். துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டனர். பழைய ஒஸ்ரின், மொறிஸ் மோட்டார் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. புதிய பொருள் வாங்க வழியில்லாதபோது, பழைய பொருளைத் திருத்துங் கை எவ்வளவு பெறுமதி வாய்ந்தது என்பதை அக்கால மக்கள் அநுபவத்தாற் கண்டனர். நெருக்கடி நீங்கியதும் அந்தக் கைப்பழக்கமும் நீங்கிவிடுதல் இரங்கத்தக்கதன்றோ?

இவ்வடுப்பின் பிறப்பிடம் சுவீடன் தேசம். அந்நாட்டவரான கார்ல் றிச்சட் நியூபேர்க் என்பவர் 1882ஆம் ஆண்டளவில், உலோகங்களைப் பற்றவைக்க உதவும் ஊதுவிளக்கினைச் செய்தார். எரிபொருளை ஆவியாக்கி, அவ்வாவியை வேகமாகப் பாய்ச்சி எரிப்பதே அதன் நெறி. அதே நெறியைச் சமையலுக்குப் பயன்படுத்தியவர் ஸ்ரொக்ஹோம் நகரத்துத் தொழிலாளியான பிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ற். 1892ஆம் ஆண்டில் அவர் அமைத்த அடுப்பு புகையாது, கரி படியச் செய்யாது எரிந்தது. அதற்குப் "பிறைமஸ்" என்று பெயரிட்டனர். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு "முதலாவது" என்பது பொருள். ஒப்ரிமஸ், றேடியஸ் முதலிய வேறு சுவீடிய அடுப்புகளும் பின்னர்ச் சந்தைக்கு வந்தன. துருவப் பனியிலும் இமயத்துச் சிகரத்திலும் இவ்வகை அடுப்பே மனிதனுக்குச் சுடுநீர் தந்தது. 1911இல் தென்துருவத்தை முதலில் எட்டிய அமுண்ட்சன் குழுவினரும், 1953இல் எவரெஸ்ற் ஏறிய குழுவினரும் இதனையே கொண்டு சென்றனர்.

திருத்த விரும்புவோர் முதலில் அதன் இயக்கத்தை விளங்கிக்கொள்ளல் வேண்டும். மண்ணெண்ணெய் திரவமாக இருக்கும்போது நன்றாக எரிவதில்லை. திரியிலிட்டு எரித்தால் மஞ்சட் சுவாலையும் கரியுமே மிகுதி. அதனை ஆவியாக்கிப் போதிய காற்றுடன் கலந்தால், நீலச் சுவாலையாய்க் கடுஞ் சூட்டுடன் எரியும். அடுப்பின் உருண்ட வயிறே எண்ணெய்த் தாங்கி. அதன் பக்கத்திற் சிறு பம்பி பொருந்தியிருக்கும். பம்பியால் அடிக்கும் காற்று எண்ணெயின் மேற்பரப்பை அமுக்குகின்றது. அமுக்கத்துக்கு ஆளான எண்ணெய் நடுக்குழாய் வழியே மேலேறி, பேர்ணர் எனப்படும் எரிமுகத்தின் வளைகுழாய்களை அடைகின்றது. அக்குழாய்கள் ஏற்கெனவே சூடேறியிருப்பின் எண்ணெய் ஆவியாகி, நிப்பிள் என்னும் சிறு முனையின் துவாரத்தினூடே சீறிப் பாயும். அத்துவாரத்தின் விட்டம் ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றரே. பாயும் ஆவி சுற்றியுள்ள காற்றைத் தன்னோடு இழுத்துக் கலந்து எரிகின்றது. எரியுஞ் சுவாலையே குழாய்களை மேலும் சூடாக்குவதால், ஒருமுறை மூட்டிய பின் அடுப்பு தன் வேலையைத் தானே தொடர்ந்து செய்யும். தொடக்கச் சூட்டுக்காகவே எரிமுகத்தின் அடியிலுள்ள சிறு கிண்ணத்தில் ஸ்பிரிற்று ஊற்றி எரிக்கின்றனர்.

இவ்விளக்கத்திலிருந்து ஓர் உண்மை புலனாகும். இவ்வடுப்பிலே தேய்ந்து அழியும் பாகங்கள் மிகச் சில. தாங்கியும் குழாயும் பித்தளையாலானவை. பித்தளை செம்பும் நாகமும் சேர்ந்த கலப்புலோகம். ஆதலால் இரும்பைப் போலத் துருப்பிடித்து உதிர்வதில்லை. மெல்லிய இரும்புத் தகட்டாற் செய்த அடுப்பொன்று கடற்காற்றுப் படும் ஊரிலே சில ஆண்டுகளில் ஓட்டையாகிவிட, பித்தளைத் தாங்கி தலைமுறை கடந்தும் நிற்கும். ஆனை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்னும் பழமொழி இதற்கும் பொருந்தும். அழிவன பம்பியின் தோல் வாசர், மூடியின் வாசர், பம்பியின் அடியிலுள்ள ஒருவழி வாயிலின் சிறு அடைப்பு, எரிமுகம் பொருந்துமிடத்து ஈய வளையம் ஆகியனவே. கைக்குள் அடங்கும் இந்நான்கும் கெட்டமையாலேயே பல அடுப்புகள் பரணேறின.

தோல் வாசர் அற்பப் பொருளென்று எவரும் எண்ணுதல் கூடாது. 1912ஆம் ஆண்டில் தென்துருவத்திலிருந்து திரும்பிய கப்டன் ஸ்கொற் குழுவினர், வழியிலே தாம் சேமித்து வைத்த தகரங்களில் எண்ணெய் குறைந்திருக்கக் கண்டனர். தகரங்களின் மூடியிலிருந்த தோல் வாசர்கள் கடுங்குளிரிற் கெட்டு, அவ்வழியே எண்ணெய் ஆவியாகிப் போயிற்று. பனியை உருக்கிக் குடிக்கவும் உணவைச் சூடாக்கவும் எரிபொருள் போதாமை அவர்களது இறுதித் துன்பத்தை மிகுவித்த காரணங்களுள் ஒன்று. அமுண்ட்சனோ அவ்விடரை முன்னரே அறிந்து, தம் தகரங்களைப் பற்றவைத்து அடைத்திருந்தார். சிறு வளையமொன்றைக் கவனித்தமைக்கும் கவனியாமைக்கும் இடையிலுள்ள தூரம் அத்துணைப் பெரிது.

பழைய அடுப்பைத் தேடுவோர் முதலிற் றம் வீட்டுப் பரணையும் உறவினர் வீட்டுக் களஞ்சியத்தையுமே நாடலாம். அதற்கு அப்பால், பழைய உலோகம் சேர்ப்போரின் கொட்டில்களில் அவை உருக்குதற்குக் காத்துக் கிடப்பதுண்டு. வாங்குமுன் செய்யவேண்டிய சோதனைகள் உள. தாங்கியின் வயிறு நசுங்கியிருப்பினும் பெருங் குற்றமன்று; வெடிப்பு இருப்பின் விட்டுவிடுதல் வேண்டும். எரிமுகத்தின் குழாய்கள் கரிந்து மெலிந்திருக்கின்றனவா, திருகுகள் தேய்ந்து வழுக்குகின்றனவா, பம்பியின் தண்டு நேராக உள்ளதா என்று நோக்கவேண்டும். தாங்கியின் அடியையும் கவிழ்த்துப் பார்க்கலாம். பிறைமஸ் அடுப்புகளின் அடியிற் பொறித்த ஆங்கில எழுத்து அது செய்யப்பட்ட ஆண்டைக் குறிப்பது. ஏ என்னும் எழுத்து 1911ஆம் ஆண்டையும், பி என்னும் எழுத்து 1912ஆம் ஆண்டையும் காட்டும்.

வெடிப்பைப் பற்றித் தனியே ஒரு சொல் வேண்டும். பிரித்தானிய ஆட்சிக் கால இந்தியாவிலே, மழைக்காலங்களிற் படையினர் தம் துப்பாக்கித் தோட்டாக்களைக் குதிரை இலாயங்களிற் சேமித்து வைப்பதுண்டு. மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தபோது, பித்தளையாலான தோட்டாக் கூடுகள் பல காரணந் தெரியாது வெடித்திருந்தன. அதன் காரணம் 1921ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்தப்பட்டது. குதிரையின் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா, இழுத்தும் அடித்தும் உருவாக்கப்பட்டமையால் உள்ளிறுக்கம் கொண்டிருக்கும் பித்தளையைத் தாக்கி மயிரிழை போன்ற வெடிப்புகளை உண்டாக்குகின்றது. பித்தளை அடுப்பின் தாங்கியும் தகட்டை அழுத்தி உருவாக்கியதே. ஆகையால் மாட்டுக் கொட்டிலிலோ கோழிக் கூட்டின் அயலிலோ நெடுநாட் கிடந்த அடுப்பை ஐயுற்று நோக்கல் வேண்டும். அமோனியா கலந்த துலக்குமருந்தை இதற்குப் பாவித்தலும் ஆகாது.

துலக்குதற்கு நம் வீட்டுப் பெண்கள் அறிந்த முறையே போதுமானது. பழப்புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கும், சாம்பல் மெருகிடும். ஆயினும் புளிநீரில் இரவு முழுவதும் ஊறவிடலாகாது. அமிலம் நெடுநேரம் பட்டால் பித்தளையிலுள்ள நாகம் கரைந்து, மேனி செந்நிறமாகி நலிவுறும். துலக்கியவுடன் நன்னீரிற் கழுவி உலர்த்தல் வேண்டும். தாங்கியின் உட்புறத்தைச் சிறிது மண்ணெண்ணெய் விட்டுக் குலுக்கிக் கழுவி, ஊற்றிய எண்ணெய் தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்தல் நன்று. பழைய எண்ணெயின் பிசினும் தூசும் நிப்பிளின் துவாரத்தை அடைத்துவிடும் என்பதை மறத்தலாகாது. அடைபட்ட துவாரத்தை அதற்கென உள்ள மெல்லிய கம்பியாலேயே குத்தவேண்டும். தையலூசியைப் புகுத்தினால் துவாரம் அகன்று, சுவாலை மஞ்சளாகி, அடுப்புப் பழுதாகும்.

அடுத்தது வாசர்களை மாற்றுதல். பம்பியின் தோல் வாசர் காய்ந்து சுருங்கியிருப்பின், சில வேளைகளிற் றேங்காயெண்ணெயில் ஊறவைத்தலே போதும். தோல் இளகி விரிந்து, பம்பியின் சுவரை மீண்டும் கவ்வும். கிழிந்திருப்பின், துவிச்சக்கரவண்டிப் பம்பியின் தோல் வாசர் அளவிற் பொருந்துமாயின் அதனையே இடலாம். மூடிக்கும் ஒருவழி வாயிலுக்கும் சைக்கிள் ரியூப்பை வெட்டி இடுவது பலர் செய்யும் பிழை. இயற்கை ரப்பர் மண்ணெண்ணெயில் ஊறிப் பருத்து இளகிவிடும். எண்ணெய்க்கு ஈடுகொடுக்கும் செயற்கை ரப்பர் வாகன உதிரிப்பாகக் கடைகளிற் கிடைக்கின்றது. அதனையே தேடிப் பெறல் வேண்டும். எரிமுகத்தில் ஒட்டு விட்டிருப்பின், அதனைத் தேர்ந்த தொழிலாளியிடம் கொடுத்து வெள்ளிப் பற்றாசினாற் பற்றவைப்பிக்க வேண்டும். ஈயப் பற்றாசு மலிவானதே. ஆயின் வெள்ளீயமும் ஈயமும் சேர்ந்த அக்கலவை 200 பாகை செல்சியசை எட்டுமுன்னரே உருகத் தொடங்கிவிடும். எரிகின்ற அடுப்பில் அது உருகினால் விளைவு கொடிது.

எல்லாம் பொருத்திய பின், எண்ணெய் ஊற்றுமுன் ஒரு சோதனை செய்தல் இன்றியமையாதது. வெறுந் தாங்கியை நன்றாக மூடி, எரிமுகம் பொருந்துமிடத்தையும் அடைத்துக் காற்றடித்து, வாளி நீரில் அமிழ்த்திப் பார்க்கவேண்டும். ஒட்டை விழுந்த சைக்கிள் ரியூப்பைச் சோதிக்கும் முறைதான் இது. குமிழி எங்கெழுகின்றதோ அங்கே குறை உண்டு. எரிமுகத்தை மீளப் பொருத்தியபின் அதன் மூட்டுகளில் சவர்க்கார நுரையைப் பூசியும் இவ்வாறே சோதிக்கலாம். ஒரு குமிழியேனும் தோன்றும் அடுப்பை நெருப்புக்குக் கொண்டுபோதல் தகாது.

முதன்முறை மூட்டுவது வீட்டுக்குள்ளன்று, திறந்த முற்றத்திலேயே ஆதல் வேண்டும். தாங்கியை நிரம்ப நிறைக்காது முக்காற்பங்கு அளவுக்கே எண்ணெய் விடுதல் முறை. மேலுள்ள வெற்றிடமே காற்றுக்கு உரியது. ஸ்பிரிற்று எரிந்து முடியுந் தறுவாயிலேயே காற்றுத் திருகை மூடிப் பம்பியை அடிக்கத் தொடங்கவேண்டும். பொறுமையிழந்து முந்தினால், ஆவியாகாத எண்ணெய் பீறிட்டு, மஞ்சட் சுவாலை ஆளுயரம் எழும். அவ்வேளையில் அஞ்சி அடுப்பைத் தூக்கி எறிவதும் நீரை ஊற்றுவதும் ஆபத்து. எண்ணெய் நீரின்மேல் மிதந்து தீயைப் பரப்பும். காற்றுத் திருகை மெல்லத் திறந்துவிட்டால் அமுக்கம் தணியும், தீயும் அடங்கும். ஆகையால் அத்திருகு இலகுவாகச் சுழல்கின்றதா என்பதை மூட்டுமுன்னரே பார்த்துக்கொள்ளல் வேண்டும். பக்கத்தில் ஒரு வாளி மணலும் நனைத்த சாக்கும் இருத்தல் நலம்.

மண்ணெண்ணெயைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை உண்டு. தூய மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேற் சூடேறினாலன்றித் தீப்பற்றத்தக்க ஆவியை வெளிவிடாது. பெற்றோலோ உறைபனிக் குளிரிலும் அத்தகைய ஆவியை வெளிவிடும். சிறிதளவு பெற்றோல் கலந்த எண்ணெயும் இவ்வடுப்பை வெடிபொருளாக்கிவிடும். பெற்றோல் வைத்திருந்த கலத்தில் மண்ணெண்ணெய் வாங்குதலும், அடுப்பு எரியும்போதோ ஆறுமுன்னரோ எண்ணெய் விடுதலும் அறவே ஆகா. அடைத்த அறையில் எரித்தால் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு சேரும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. சாளரம் திறந்திருத்தலே காப்பு. மெல்லிய நைலோன் சேலையுடன் அடுப்பருகே குனிதலும் தவிர்க்கத்தக்கது.

இந்த எச்சரிக்கைகளைக் கண்டு, மண்ணெண்ணெயே வேண்டாம் என்று சிலர் கூறக்கூடும். இங்கே இலங்கைச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர அவர்களின் பணி நினைவுகூரத்தக்கது. மலிவான குப்பிவிளக்குகள் சரிந்து தீப்பற்றியமையால் எரிகாயமுற்றோர் பலருக்கு மருத்துவம் செய்த அவர், விளக்கை விலக்கும்படி ஏழை மக்களுக்குப் போதிக்கவில்லை. விளக்கின் வடிவையே மாற்றினார். குட்டையாய், தடித்த கண்ணாடியாலாய், சரிந்தாலும் உருளாதபடி இருபுறமும் தட்டையாய், திருகுமூடி உடையதாய் அவர் அமைத்த விளக்குக்கு 1998ஆம் ஆண்டில் றோலெக்ஸ் விருது கிடைத்தது. ஆபத்து எண்ணெயிலன்று, எண்ணெயை ஏந்திய கலத்திலும் அதனைக் கையாளும் முறையிலுமே உள்ளது என்பதை அவர் செயலாற் காட்டினார். பித்தளை அடுப்புக்கும் இது பொருந்தும். செம்மையாகத் திருத்திய அடுப்பு உதவியாளன். அரைகுறையாகத் திருத்திய அடுப்பு பகைவன்.

எனவே எல்லா அடுப்பையும் திருத்தியே தீரவேண்டுமென்பதில்லை. தாங்கி வெடித்தது, திருகு தேய்ந்தது, எரிமுகம் கரைந்தது எனின், அதனைத் துலக்கி மாடத்தில் வைத்து அழகு பார்த்தலே விவேகம். சிக்கனம் என்னும் பெயரால் உயிரைப் பணயம் வைத்தல் சிக்கனமாகாது. அன்றாடச் சமையலுக்கு இது மலிவான வழியென்றும் இன்று கூறமுடியாது. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக ஏறியதை மக்கள் மறந்திரார். மின்சாரமும் எரிவாயுவும் கைவிடும் நாளுக்கு உரிய துணையாகவே இதனைக் கொள்ளல் வேண்டும். வெள்ளத்துக்கென ஓடத்தைக் கோடைநாளிற் செப்பனிட்டு வைப்பது போன்றது இது. தேவை வந்தபின் தேடினால் வாசரும் கிடையாது, திருத்துபவரும் கிடையார்.

திருத்துவோரைப் பற்றிய இக்கவலையே யாவற்றிலும் பெரியது. ஒருகாலத்தில் கடைத்தெருவின் மூலையிலே தகரவேலை செய்வோர் இருந்தனர். குடத்துக்கு அடி வைப்பதும், விளக்குக்கு மூக்கு வைப்பதும், அடுப்புக்கு வாசர் போடுவதும் அவர்களுக்கு அன்றாடத் தொழில். அவர்களுட் பலர் இன்று முதியோர். அவர்களிடம் தொழில் பழகும் இளையோர் அரியர். பித்தளை அடுப்பு நூறாண்டு தாங்கும். அதனைத் திருத்தும் அறிவோ ஒரு தலைமுறை கற்கத் தவறினால் அத்தோடு அற்றுவிடும்.

ஆகவே விடுமுறை நாளொன்றில் வீட்டிலுள்ள பாட்டனாரும் பேரப்பிள்ளையும் ஒருங்கிருந்து அந்தப் பழைய அடுப்பைக் கழற்றிப் பார்ப்பார்களாயின், அது வீண்பொழுதன்று. அமுக்கம், ஆவியாதல், எரிதல் என்று பாடநூலில் ஏட்டுச் சொற்களாய்க் கிடப்பவற்றைப் பிள்ளை தன் விரலாற் றொட்டறியும். தான் கற்றது கைமாறியது என்னும் நிறைவு முதியவருக்கு உண்டாகும். முற்றத்திலே நீலச் சுவாலை எழுந்து, பித்தளை மெருகோடு ஒளிர, அதன்மேற் கேத்தலில் நீர் கொதிக்கும் ஓசை கேட்கும் வேளையில், பழைய இரும்புக்காரரின் தராசுக்குப் போகவிருந்த பொருளொன்று மீண்டும் வீட்டுக்கு உரியதாகிவிடும்.